ஆயுதபூஜைக்குக் கழுவின வண்டி

பெங்களூர் அடுகோடியில் எங்கள் சந்துக்குள் ஒரு கார் நுழைந்தால், எதிரே வருகிற ஸ்கூட்டர் பின்னோக்கியே போய் மெயின் ரோட்டில் நின்று வழிவிட வேண்டும். அப்படிப்பட்ட சந்துக்குள்தான் ரவிக்குமார் அந்த வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். கார் வருவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிட்டது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான், யாரோ தண்ணி லாரியைத் தப்பான சந்துக்குள் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ஒரு பழைய ஜப்பான் கார். பின்னால் சொம்பு நுழையும் அளவுக்கு ஒரு சைலன்சர். உள்ளே ரவி. கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் அவன் பெண்டாட்டி வீணா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் நின்றிருந்த அவன் அப்பா இளங்கோவன் காரை ஒரு தடவை பார்த்தார். மகனை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு மாசம் மகனோடு பேச்சுவார்த்தை கிடையாது.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. சிட்டி பஸ் ஓட்டி ரிடையரான மனுஷன். அத்திபெலே தாண்டி ஒரு மூலை மனையைப் பார்த்து வைத்து, மகனோடு இரண்டு தரம் பஸ்ஸில் போய் நின்று, கிணறு எங்கே, வாசல் எங்கே என்று காலால் கோடு போட்டுவிட்டு வந்திருந்தார். அந்த மனைக்கென்று சேர்த்த பணம்தான் காராக வந்து நின்றது. ரவி லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். நாள் முழுக்க அடுத்தவனை மேலே ஏற்றி இறக்குகிற வேலை. சின்ன வயசிலிருந்து பீரோ கதவுக்கு உள்பக்கம் கார் படமாக ஒட்டி வைத்திருந்தவன். "ஒரே ஒரு தடவப்பா, எனக்குன்னு ஒண்ணு" என்று கேட்டானாம். கேட்டது காரை வாங்கின பிறகு. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

நான் அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள். ஸ்ரீவித்யா. ஊர் வாணியம்பாடி. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் செக்‌ஷன். தைத்து வருகிற சட்டையைப் புரட்டிப் போட்டுக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் எனக்குக் குறைதான் கண்ணில் படுகிறது என்று என் கணவர் சொல்வார். அந்தக் காரில் மட்டும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சட்டையென்றால் புரட்டிப் பார்த்துவிடலாம். இஞ்சினை யார் புரட்டுவது?

குறையை முதலில் கண்டுபிடித்தது அவன் அம்மா சரசுதான். காலையில் ரவி வண்டியை ஸ்டார்ட் செய்ததும், காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்தவள் நின்று கேட்டாள்.

"இன்னாடா உள்ள தையல் மிஷின் ஓடிகினு கீது?"

"எங்கம்மா?"

"நல்லாக் கேளு. டிக்கு டிக்குன்னு."

கேட்டான். எல்லோரும் கேட்டோம். அந்தச் சைலன்சர் போடுகிற கூச்சலுக்கு அடியில், ரொம்ப மெல்லிசாக ஒரு டிக் டிக். வண்டி சூடானதும் அது இல்லை. மறுநாள் காலையில் திரும்பவும் இருந்தது. வாங்கப் போன அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அன்றைக்கு ராகுகாலம் முடியட்டும் என்று சரசு போனில் சொல்லிவிட்டாள். அது முடிகிறவரை ரவியும் வீணாவும் கார்க்காரனுடைய அபார்ட்மெண்ட் வாசலிலேயே காத்திருக்க, வெயிலாக இருக்கிறதே என்று அவன் காருக்குள் உட்காரச் சொல்லி ஏசி போட்டு விட்டிருக்கிறான். நல்ல நேரம் வந்து இவன் இஞ்சினைக் கவனித்துக் கேட்கும்போது அது நன்றாகச் சூடேறி, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் இதில் பெரிய கஷ்டம்.

அதிலிருந்து ரவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் சத்தத்தைப் பதிவு செய்வான். கூட வேலை செய்கிற கேசவுக்கு அனுப்புவான். கேசவ், "எக்ஸாஸ்ட் லீக் குரு, சும்னே டென்ஷன் ஆகாத" என்பான். அன்றைக்கு இட்லி சாப்பிடுவான். வேறு எவனோ ஒரு குரூப்பில், "பேரிங் போயிருக்கும், ஓட்டாதே" என்று எழுதுவான். அன்றைக்குப் பட்டினி. வீணா என்னிடம் வந்து, "அக்கா, என்ன ஒரு தடவ இருமினா டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போவ மாட்டாரு. இது இருமுதுன்னா லீவு போடறாரு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள். அவளும் அந்த மனையில் ஒரு சமையலறையை மனசுக்குள் கட்டி வைத்திருந்தவள்தான்.

கடைசியில் ஆஷ்லி வந்தார். எங்கள் சந்து முனையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒர்க்‌ஷாப். இந்த மாதிரி மாற்றி அமைத்த வண்டிகளைத்தான் பார்ப்பார். ராத்திரி பூரா நின்று ஆறிப்போன வண்டியை நின்ற இடத்திலேயே கேட்க வேண்டும் என்று காலையிலேயே வந்துவிட்டார். நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை இஞ்சின்மேல் வைத்து அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டார். ஒவ்வொரு சிலிண்டராக மீட்டர் மாட்டிப் பார்த்தார். நாலும் நன்றாக இருந்தது.

"மேல நல்லாக் கீது. கம்ப்ரஷன் நாலுலயும் ஈவனா வருது. கீழதான் தெரியல" என்றார்.

"பேரிங்கா சார்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"கேட்டா உங்களுக்குத் தெரியாதா?"

"காதுல கேட்டுச் சொல்ல நான் என்னா டாக்டரா? டாக்டரே இப்பல்லாம் ஸ்கேன் எடுக்காம வாயத் தொறக்கறதில்ல. கீழ ஆயில் சம்ப்ப எறக்கி, பேரிங்க கையில எடுத்துப் பாத்தாத்தான் உண்மை."

"அப்ப இன்னைக்கே எறக்கிடலாம் சார்."

"நாளைக்கு ஆயுதபூஜ. ஸ்பேனர், ஜாக்கி எல்லாத்தையும் கழுவித் தொடச்சி சாமிகிட்ட வெச்சாச்சு. எங்க பசங்க கிறிஸ்டியன் ஓனர்னு பாக்க மாட்டாங்க, தொட்டா கைய ஒடச்சிடுவாங்க. பண்டிக முடியட்டும். அது வரைக்கும் ஆக்சிலேட்டர அமுக்கி ரொம்ப ரைஸ் பண்ணாத, அவ்ளோதான்."

ரவி அங்கேயே நின்று, வண்டியை விற்ற பையனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். ரித்விக் என்று பேர். கன்னடப் பையன், சர்ஜாபுரா ரோட்டுப் பக்கம் ஐடி. மாசக் கடைசியில் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறான். எல்லாரோடும் அவரவர் பாஷையில் பேச முயற்சி செய்கிற நல்ல பையன்.

"ப்ரோ, எனக்குத் தெரிஞ்சு இஞ்சின் சூப்பர். ஆனா ஆஷ்லி திறந்து பார்த்து, என் டைம்லயே தேஞ்சதுன்னு சொன்னா நான் வாபஸ் எடுத்துக்கறேன். ஆஷ்லி சொல்றது எனக்கு ஓகே" என்றான்.

அப்புறம் அந்த வீட்டில் இரண்டு விதமாக வேண்டுதல் நடந்தது. பேரிங் நன்றாக இருக்க வேண்டும் என்று ரவி. பேரிங் கெட்டுப் போயிருக்க வேண்டும், வண்டி போய்ப் பணம் வர வேண்டும் என்று வீணா. ஒரே விளக்கு, ஒரே சாமி. இளங்கோவன் டிவி பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆயுதபூஜையன்று காலையில் தூறல் விட்டிருந்தது. மெயின் ரோட்டில் வாழைக்கன்றும் சாமந்தியும் சாம்பல் பூசணியும் மலையாகக் குவிந்து கிடந்தன. சரசு சித்ரான்னம் கிளறி வைத்துவிட்டுப் பொரியில் கடலையைக் கலந்துகொண்டிருந்தாள். ரவிக்கு மட்டும் விடிந்ததும் போன். கோரமங்களாவில் ஒரு அபார்ட்மெண்டில் லிஃப்டுக்குப் பூஜை போட்டு, உள்ளேயே கற்பூரம் ஏற்றி, புகைக்கு ஃபயர் அலாரம் கத்தி, எல்லா லிஃப்டும் கீழே வந்து நின்றுவிட்டதாம். பட்டு வேட்டியோடு ஜனங்கள் படியில் ஏறிக்கொண்டிருக்கிறார்களாம். ரவி தலையில் அடித்துக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போனதும் இளங்கோவன் வெளியே வந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியிலிருந்து மோட்டாரைப் போட்டு, பச்சை ஓஸ் பைப்பை இழுத்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தேன்.

சரசு வாசலுக்கு வந்து, "இன்னாங்க, நீங்களா கழுவப் போறீங்க?" என்றாள்.

"பண்டிக நாள்ல வண்டி அழுக்கா நிக்கலாமா?"

"மொகத்தக்கூட பாக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"அவன் மேலதான் கோவம். வண்டி மேல இன்னா கோவம் எனக்கு? அது பாட்டுக்கு நிக்குது."

சரசு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் அவள் பாத்திரத்தை வைக்கிற சத்தமே அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. அவளுக்குச் சந்தோஷம்.

அவர் கழுவினதைச் சொல்ல வேண்டும். சக்கரத்துக்குள் விரலை விட்டுத் துடைத்தார். கண்ணாடிக்குப் பேப்பர். கதவு இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ். கழுவும்போது பேசிக்கொண்டே இருந்தார். எனக்குச் சொன்னாரா, வண்டிக்குச் சொன்னாரா தெரியாது.

"டிப்போல நாப்பது அம்பது வண்டி லைனா நிக்கும் வித்யாம்மா. வாழக்கன்னு கட்டி, பூவு கட்டி. ஆபீசரு வந்து பாப்பாரு. வெளிய எல்லாரும்தான் கழுவுவான். நான் பானட்டத் தொறந்து உள்ள கழுவுவேன். 'இளங்கோவன் வண்டி இஞ்சின்ல சோறு போட்டு சாப்டலாம்'னு சொல்லுவாங்க. ரிடையராவற வரைக்கும் அப்டித்தான்."

சொல்லிக்கொண்டே காரின் பானட்டைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்து, "தா, இது இன்னாது? டீ வடிகட்டி மாதிரி ஒண்ண வெச்சிகீறான். மடிப்புல எவ்ளோ தூசி பாரு" என்றார். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கூம்பு மாதிரி சிவப்பாக ஒன்று, ஒரு குட்டைக் குழாயின் நுனியில் உட்கார்ந்திருந்தது. அழகுக்கு வைத்தது போலத்தான் எனக்கும் தோன்றியது. அவர் ஓஸின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பீச்சி, அதன் மடிப்பு மடிப்பாகக் கழுவினார். மேலேயிருந்து விட்ட தண்ணீர் கீழே தெளிவாக வருகிறவரை விட்டார். இஞ்சின் முழுக்கக் குளிப்பாட்டினார். பிறகு துணியால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றுக்கும் விபூதி பூசினார். அந்தக் கூம்புக்கும் மூன்று விரலால் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தார். நான் தொடுத்த சாமந்தியைத்தான் முன்னால் கட்டினார். வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது.

ரவி திரும்பி வந்து சந்து முனையிலேயே பைக்கை நிறுத்திவிட்டான். வண்டியைப் பார்த்தான். பக்கத்தில் நனைந்த லுங்கியோடு நின்ற அப்பாவைப் பார்த்தான். யார் கழுவியது என்று அவன் கேட்கவில்லை.

"எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்துக்கும் வெச்சிட்டேன். ஏறி ஸ்டார்ட் பண்ணு" என்றார் அவர்.

ஒரு மாசத்தில் அவர் மகனிடம் சொன்ன முதல் வார்த்தை அது. ரவி செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. சரசு ஆரத்தித் தட்டோடு நின்றாள். வீணா பூசணிக்காய் மேல் கற்பூரத்தை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு பாமாவும் அவள் புருஷனும் பொரிக்காக வந்து நின்றார்கள்.

சாவியைத் திருப்பினான். வண்டி பிடித்தது. பிடித்து, இருமி, குலுங்கியது. எப்போதும் வருகிற அந்தக் கூச்சல் வரவில்லை. ரவி திகைத்து அப்பாவைப் பார்த்தான்.

"ஈரத்துக்கு அப்டித்தான் இருக்கும். ரைஸ் பண்ணுடா. ரைஸ் பண்ணா க்ளியராயிடும்."

ரொம்ப ரைஸ் பண்ணாதே என்று ஆஷ்லி சொன்னது அவனுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. பிற்பாடு வீணாவிடம் அப்படித்தான் சொன்னானாம்: "தெரியும் வீணா. ஆனா அப்பா சொன்னாரு. அப்பா எங்கிட்ட பேசினாரு." அமுக்கினான். வண்டி உறுமி மேலே போய், திடீரென்று உள்ளே சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு அசைவு. வேறொன்றும் இல்லை.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. கற்பூரம் எரிந்து வீணாவின் கையைச் சுட ஆரம்பித்தது. நசுக்காமல் விட்டால் ஆகாது என்று பாமா சொல்ல, எல்லாருமாகப் பின்னாலிருந்து தள்ளி வண்டியைப் பழத்தின் மேல் ஏற்றினோம். இளங்கோவன்தான் முதல் ஆளாகக் கையை வைத்துத் தள்ளினார்.

ரவி பானட்டைத் திறந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். சிவப்புக் கூம்பில் விபூதிப் பட்டை. குங்குமம் கரைந்து மடிப்புக்குள் இறங்கியிருந்தது. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அவன் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தான். விரலை எடுத்துப் பார்த்தான். அப்பா வருகிற காலடி கேட்டதும் பானட்டைச் சாத்திவிட்டான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. பழைய இஞ்சின். முன்னாடியே சத்தம் வந்துகினு இருந்துதில்ல? அது போயிடுச்சு."

"பாத்தியா. நான் அப்பவே நெனச்சேன். எவனோ தேச்ச வண்டிய உன் தலையில கட்டிட்டான்" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தி, மகன் தோளில் கையை வைத்தார். "சரி விடு. அந்தப் பையன் வாபஸ் எடுத்துக்கறேன்னு சொல்லிக்கீறானே. நான் பேசறேன். நீ வந்து சாப்டு."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்டார்கள். அவர் தன் தட்டிலிருந்த கடலையைப் பொறுக்கி மகன் தட்டில் போட்டார். ரவி ஒரு வாயை ரொம்ப நேரம் மென்றுகொண்டிருந்தான்.

பிறகு மாடிப்படியில் வந்து என்னிடமும் வீணாவிடமும் சொன்னான். அந்தக் கூம்பு வழியாகத்தான் இஞ்சின் மூச்சு விடுகிறது. அதன் மேல் ஓஸைப் பிடித்தால் தண்ணீர் நேரே சிலிண்டருக்குள். "அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கா. செத்துடுவாரு" என்றான். வீணா எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். எனக்கு அது டீ வடிகட்டியாகத்தான் தெரிந்தது. யாரை என்ன சொல்வது?

பண்டிகை முடிந்து ஆஷ்லி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் இஞ்சினைத் திறந்தார். அவர் பார்த்ததை ரவி வந்து சொன்னான். கீழே பேரிங் தேய்ந்து செம்பு தெரிந்தது. அது பழைய தேய்மானம், ரித்விக் காலத்திலேயே ஆனது. அந்த டிக் டிக் அதுதான். ஆனால் மேலே பிஸ்டனைத் தாங்குகிற ஒரு கனெக்டிங் ராடு வளைந்து, சிலிண்டர் சுவரைக் கிழித்திருந்தது. அது தண்ணீர் செய்த வேலை.

எங்கள் செக்‌ஷனில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மில்லிலேயே விழுந்த ஓட்டை ஒன்று, நம் மிஷின் எண்ணெய்க் கறை ஒன்று, இரண்டும் ஒரே துணியில் இருந்தால் மில்காரன் துணியைத் திருப்பி எடுக்க மாட்டான். ஓட்டை அவனுடையதுதான் என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் எடுக்க மாட்டான்.

ஆஷ்லி ரவியிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாராம். "பேரிங்க நான் காட்டுவேன். அது சத்தியமான விஷயம். ராடப் பத்தி கேக்கலன்னா சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அவனும் எனக்கு கஸ்டமர்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரித்விக் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதாக ஏற்பாடு. அப்பாவிடம் ரவி, "நீ வர வேணாம்ப்பா, மழ வர மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். நான் கறிக்கடையிலிருந்து திரும்பும்போது இளங்கோவன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார்.

"வித்யாம்மா, கொஞ்சம் கூட வா. அந்தப் பையன் இங்கிலீசுல எதனா பேசினா எனக்குச் சொல்லு."

"ரவி பாத்துக்குவாருங்க அய்யா. நீங்க எதுக்கு?"

"பெரியவங்க ஒருத்தர் நிக்கணும்மா. சின்னப் பையன் தனியாப் போனா மதிக்க மாட்டாங்க. நான் இத்தினி நாளு அவன்கூட நிக்கல. இப்பவாவது நிக்கறேன்."

கறிப்பையோடு கூடப் போனேன்.

நாங்கள் போகும்போது விஷயம் பெரும்பாலும் முடிந்திருந்தது. ஒரு துணியின் மேல் பேரிங் துண்டுகள் வரிசையாக இருந்தன. ரித்விக் அதில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸாரி ப்ரோ. இது என் டைம்லதான் ஆயிருக்கு. நான் எடுத்துக்கறேன். எனக்குக் கொஞ்சம் டைம் மட்டும் குடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ரவி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. திருடினவன் முகம் மாதிரி இருந்தது. எங்களைப் பார்த்ததும் அது வெளுத்துவிட்டது.

"அப்பா, நீ ஏன் வந்த? ஆய்த்துப்பா, பேசி முடிச்சாச்சு. வித்யாக்கா, கூட்டிக்கினு போங்க."

"இருடா. ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன்" என்று இளங்கோவன் ரித்விக் பக்கம் போனார். இங்கிலீஷுக்கு என்னைக் கூட்டி வந்தவர், பையன் கன்னடம் என்று தெரிந்ததும் கன்னடத்திலேயே ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் முப்பது வருஷம் பேசின கன்னடம். மரியாதையாக, நிதானமாகப் பேசினார். எங்கள் குடும்பம் மரியாதையான குடும்பம், உங்களை நாங்கள் தப்பாக நினைக்கவில்லை என்றார். பையன் கையைக் கூப்பினான். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"நம்ம வீட்ல வண்டி ஒரு கீறல்கூட இல்லாம இருந்துது சார். ஹப்பத்துக்கு நானே தொளெதே. மேல மட்டும் இல்ல, பானட்டத் தொறந்து உள்ள இஞ்சினு, அந்தச் சிவப்பு வடிகட்டி, எல்லாத்தையும் பைப்பு வெச்சி நானே தொளெதே. அவ்ளோ சுத்தமா வெச்சிருந்தோம்."

பண்டிகைக்கு நானே கழுவினேன் என்று கன்னடத்திலும் தமிழிலும் கலந்து, மார்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

ரவி கீழே பார்த்துக்கொண்டு நின்றான். ரித்விக் மெதுவாக ஆஷ்லி பக்கம் திரும்பினான்.

"ஆஷ்லி, ராடு எப்படி இருக்கு?"

ஆஷ்லி ரவியை ஒரு தடவை பார்த்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்து பேப்பரில் சுற்றின ஒன்றை எடுத்து மேலே வைத்துப் பிரித்தார். வளைந்த ராடு. அதற்குப் பக்கத்தில் பெஞ்சில் அந்தச் சிவப்புக் கூம்பு இருந்தது. காய்ந்துபோன விபூதிப் பட்டை இன்னும் அதில் தெரிந்தது.

ரித்விக் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"பேரிங் மட்டும்னா நான் சரி பண்ணி வேற யாருக்காவது குடுத்திருப்பேன் ப்ரோ. இது முழு இஞ்சின். நான் வெளிநாடு போற நேரத்துல..." என்று இழுத்தான். "நான் யோசிச்சுப் போன் பண்றேன்." போகும்போது இளங்கோவனின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "பரவாகில்ல அங்கிள்" என்றான். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினான்.

"நல்ல பையனாத் தெரியறான். இல்ல?" என்றார் இளங்கோவன். மகன் பக்கம் திரும்பினார். "இன்னாடா, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?"

"இல்லப்பா. நல்லாத்தான் பேசின" என்றான் ரவி.

திரும்பும்போது நானும் அவரும் ஒரே குடையில் நடந்தோம். ரவி பின்னால் வருவதாகச் சொல்லி அங்கேயே நின்றுவிட்டான். பாதி வழியில் அவர் கேட்டார்.

"வித்யாம்மா, அந்த வடிகட்டியிலேர்ந்து கொழாய் நேரா இஞ்சினுக்குள்ளவா போவுது?"

"எனக்கு என்னங்க அய்யா தெரியும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். கறிப்பையை என் கையிலிருந்து வாங்கித் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

ரித்விக்கின் போன் அந்த வாரம் வரவில்லை. ரவியும் போடவில்லை. வண்டி ஆஷ்லி ஒர்க்‌ஷாப்பின் பின்சுவரோரம் தார்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது இளங்கோவன் மாடிக்கு ஏறி வந்தார். கையில் அந்தப் பச்சை ஓஸ் பைப், அழகாகச் சுருட்டிக் கட்டியிருந்தது.

"இது உனக்கு வெச்சிக்கோம்மா. செடிக்கு ஆவும்."

"உங்களுக்கு வேணாமா அய்யா?"

"எனக்கு இன்னாத்துக்கு?" என்றவர் போகாமல் நின்றார். "என் பஸ்ல காத்துப் போற டப்பா பெரிசா, மூடி போட்டுப் பூட்டி இருக்கும். மேல எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் உள்ள போவாது. இதுல தொறந்து வெச்சிகீறாங்க. எனக்குத் தெரியல வித்யாம்மா."

"விடுங்க அய்யா" என்றேன்.

"அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. அன்னைக்கு எங்கூட உக்காந்து சோறு துன்னான்." படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்று சொன்னார்: "எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். செத்துடுவான்."

இறங்கிப் போய்விட்டார். கீழே ரவியின் குரல் கேட்டது. "அப்பா, நான் டீக்கடைக்குப் போறேன், வரியா?" "வரேன் இருடா, சட்டை மாட்டிகினு." இரண்டு பேரும் சந்தில் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். இப்போதெல்லாம் அப்பாவும் மகனும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள். விலைவாசி, எலக்‌ஷன், கிரிக்கெட், எல்லாம் பேசுகிறார்கள். மனையைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் மட்டும் பேசுவதில்லை.

ஓஸ் பைப் மாடிக் குழாய்க்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. செடிகளுக்கு நான் சொம்பால்தான் ஊற்றுகிறேன்.